குவாங்சௌவுக்குச் சரக்கெடுக்க மட்டும் போக வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியர்களுக்குச் சீனா மீண்டும் சுற்றுலா விசா வழங்கத் தொடங்கியதை ஒட்டித் தங்கள் நாளிதழின் பயண இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2020-இல் நின்றுபோன சுற்றுலா விசா மறுபடியும் கிடைக்கிறது என்பதையும், 2025 அக்டோபர் இறுதியில் கொல்கத்தாவிலிருந்தும் நவம்பரில் தில்லியிலிருந்தும் நேரடி விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன என்பதையும் கட்டுரை சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால் அந்த இரண்டு விமானங்களும் போய் இறங்கும் ஊர் குவாங்சௌ. கட்டுரையாளரோ பெய்ஜிங், ஷாங்காய், ஷியான் ஆகிய மூன்று ஊர்களை விரிவாக எழுதிவிட்டு, குவாங்சௌவை மட்டும் 'மொத்த வியாபாரத்துக்குப் பெயர்போன நகரம்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திருப்பூரில் பின்னலாடைகளுக்கான பட்டன், ஜிப், லேஸ், எலாஸ்டிக் வியாபாரத்தில் இருப்பவன் என்பதால் அந்த ஊருக்குப் போய்வரும் வழக்கம் எனக்கு உண்டு. குவாங்சௌவின் பழைய ஆங்கிலப் பெயரில் 1957 முதல் நடந்துவரும் காண்டன் வணிகக் கண்காட்சி ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று கட்டங்களாக, பாசௌ பகுதியிலுள்ள மாபெரும் அரங்கில் நடைபெறுகிறது. அந்த அரங்கு, சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள சோங்தா துணிச் சந்தை, தங்கும் ஓட்டல், விமான நிலையம் ஆகிய நான்கும்தான் நம்மவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த குவாங்சௌ. பல ஆண்டுகளாகச் சரக்கெடுத்துவரும் அனுபவசாலிகள்கூட, ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசர் ஒருவரின் கல்லறை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பதை அறியாமலேயே திரும்பி வருகிறார்கள். வேலை முடிந்த கையோடு ஓடிவராமல் இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தங்கி ஊரைப் பார்க்க வேண்டும் என்பதும், அதற்கான ஏற்பாடுகளில் பெரும்பங்கை இங்கே விமானம் ஏறும் முன்பே கைப்பேசியில் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் கருத்து. வியாபாரத்துக்குப் போகாமல் சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கும் இவை பொருந்தும்.

முதலில் அந்தக் கல்லறை. 1983-இல் கட்டடம் எழுப்புவதற்காக ஒரு குன்றைச் சமன்படுத்தியபோது, நான்யுவே நாட்டின் இரண்டாம் அரசரான சாவ் மோ என்பவரின் புதைவிடம் கொள்ளையர் கைபடாமல் அப்படியே வெளிப்பட்டது. கி.மு. 122-ஐ ஒட்டி இறந்த அவரை, 2,291 ஜேட் கல் தகடுகளைப் பட்டு நூலால் கோத்துச் செய்த முழு உடையில் கிடத்தியிருந்தார்கள். அந்த உடையைப் பார்க்கத்தான் எல்லோரும் முண்டியடிக்கிறார்கள் என்றாலும், வியாபாரம் செய்கிறவன் கண்ணுக்கு அதே அருங்காட்சியகத்தில் உள்ள வேறு சில பொருள்களே பெரிதாகப் படுகின்றன. பாரசீக வேலைப்பாட்டில் அமைந்த வெள்ளிப் பேழை, ஆப்பிரிக்க யானைத் தந்தங்கள், நறும்பிசின் ஆகியவை அந்தக் கல்லறையிலேயே கிடைத்திருக்கின்றன. கண்காட்சி அரங்கு கட்டப்படுவதற்கு ஈராயிரம் ஆண்டு முன்பே இந்த ஊருக்கு இறக்குமதி நடந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. கல் பலகைகளால் அமைத்த புதைவறைகளுக்குள்ளேயே படியிறங்கிப் போய்ப் பார்க்கலாம். கூரை தாழ்வானது என்பதால் உயரமானவர்கள் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் தடத்தில் யுவேஷியூ பூங்கா நிலையத்தில் இறங்கினால் அருங்காட்சியகம் பக்கம்.

ஒரே ஓர் இடம் பார்க்கத்தான் நேரமிருக்கிறது என்பவருக்கு நான் பரிந்துரைப்பது சென் குலத்தார் மண்டபம். குவாங்தொங் மாகாணம் முழுவதும் பரவியிருந்த சென் குடும்பத்தார் பணம் திரட்டி 1894-இல் கட்டி முடித்த இந்த மண்டபம், குலமுன்னோருக்கான வழிபாட்டிடமாகவும், அரசுப் பணித் தேர்வு எழுதக் கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வரும் தங்கள் பிள்ளைகள் தங்குமிடமாகவும் இருந்தது. கட்டி முடித்துப் பதினோரு ஆண்டிலேயே, 1905-இல், அந்தத் தேர்வு முறையே ஒழிக்கப்பட்டுவிட்டது என்பது வேறு கதை. உள்ளே நுழைந்தவுடன் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கும் தந்த வேலைப்பாடுகளைப் பார்க்க ஓடாமல், முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். நடுமண்டபத்தின் கூரை முகடு மட்டும் 27 மீட்டர் நீளம். அதன் முழு நீளத்துக்கும் பச்சை, மஞ்சள், நீலப் பூச்சில் பளபளக்கும் சுடுமண் பொம்மைகள், மாளிகைகளும் மாடங்களும் இருநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களுமாக, நாடகக் காட்சிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்து ஊரான ஃபோஷானைச் சேர்ந்த ஷிவான் குயவர்களின் கைவேலை அது. அதற்குக் கீழே சுதைச் சிற்பம், அதற்கும் கீழே மரக் கதவுகளில் செதுக்கு, முற்றத்துக் கருங்கல் கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே பதித்த வார்ப்பிரும்புத் தகடுகள் என்று கண் இறங்கிக்கொண்டே வரும். அந்தக் கைப்பிடிச் சுவர்த் தூண்களின் உச்சியில் தெய்வமோ சிங்கமோ இல்லாமல், தட்டில் குவித்த அன்னாசியும் நட்சத்திரப் பழமும் போன்ற அந்த மண்ணின் பழங்களைக் கல்லில் வடித்திருப்பதை வழிகாட்டிகள் பெரும்பாலும் காட்டுவதில்லை. வெயில் சாய்ந்த பிற்பகலில் போவது நல்லது. காலையில் பள்ளிக் குழந்தைகளும் சுற்றுலாக் குழுக்களும் நிறைந்திருப்பார்கள். மண்டபத்தின் பெயரிலேயே முதல் தடத்தில் மெட்ரோ நிலையம் உண்டு.

தமிழ் வாசகர்களுக்கு உண்மையிலேயே தொடர்புடைய இடம் ஒன்று லிவான் பகுதியில் இருக்கிறது. ஹுவாலின் கோயிலை ஒட்டிய இடத்தில்தான் போதிதர்மர் 6-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடல் வழியாக வந்து கரையேறினார் என்பது அந்த ஊர் மரபு. ஆறு பின்வாங்கிவிட்டதால் இன்று அங்கே கரை இல்லை, ஜேட் கல் வளையல் விற்கும் கடைகள்தாம் நெருக்கியடித்து நிற்கின்றன. போதிதர்மரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பொன்று சொல்கிறது. காஞ்சிபுரம் என்ற ஊர்ப்பெயர் அதில் இல்லை என்பதையும், அவரைப் பாரசீகர் என்று சொல்லும் மற்றொரு பழைய குறிப்பும் உண்டு என்பதையும் நாம் மனதில் வைத்துக்கொள்வது நேர்மை. அவர் காலத்துக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு பின்னர், தென்னிந்தியரான வஜ்ரபோதி என்ற பௌத்தத் துறவி கப்பலில் இதே ஊருக்கு வந்து சேர்ந்ததில் ஐயமில்லை. கோயிலில் ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகளான ஐந்நூறு அர்ஹத்துகளின் உருவங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் மண்டபம் பார்க்கத் தகுந்தது. அங்கிருந்து குவாங்ஷியாவ் கோயிலுக்கும் போகலாம். ஜென் பௌத்தத்தின் ஆறாம் தலைவரான ஹுய்நெங் 676-இல் தலைமழித்துத் துறவு பூண்ட இடம் அது. அன்று அவர் அமர்ந்ததாகச் சொல்லும் போதி மரத்தின் வழிவந்த மரம் இன்றும் முற்றத்தில் நிழல் விரித்து நிற்கிறது. சற்றுத் தள்ளி, சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்றான ஹுவாய்ஷெங் பள்ளிவாசலின் வெண்ணிறக் கோபுரம் தெருவிலிருந்தே தெரியும். வெள்ளிக்கிழமைகளில் பல நாட்டு வணிகர்கள் அங்கே தொழுகைக்குக் கூடுவார்கள். சும்மா பார்க்க வருகிறவர்கள் அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும்.

1757 முதல் 1842 வரை மேலை நாட்டவர் கடல் வணிகத்துக்குச் சீனப் பேரரசு திறந்துவைத்திருந்த ஒரே துறைமுகம் குவாங்சௌ. அந்தக் காலத்தின் தொடர்ச்சியாக, அபினிப் போர்களுக்குப் பின் பிரிட்டனும் பிரான்சும் பெற்றுக்கொண்ட ஷாமியான் தீவு, ஆலமரங்களும் பழைய வங்கி, தூதரகக் கட்டடங்களுமாக நடப்பதற்கு இதமான இடம். மணப்பெண் உடையில் படமெடுத்துக்கொள்ளும் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முழுவதும் கருங்கல்லால் 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட திரு இருதயப் பேராலயத்தையும், கண்ணாடித் தளத்துக்கடியில் தாங் அரச மரபுக் காலம் தொடங்கிய பழைய சாலை அடுக்குகளைக் காட்டும் பெய்ஜிங் சாலையையும் அதே நாளில் பார்த்துவிடலாம். எனக்கென்னவோ, இவற்றைவிட லிவானின் பழைய தெருக்களில் மாடி வீடுகளின் கீழ்த்தளத்தை உள்ளே தள்ளிக் கட்டி, வெயிலும் மழையும் படாமல் நடைபாதை விட்டிருக்கும் வரிசைகளுக்குக் கீழே காலாற நடப்பதே பிடித்திருக்கிறது.

எல்லோரும் கேட்கும் காண்டன் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2010 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் திறக்கப்பட்ட இந்த 600 மீட்டர் கோபுரத்தின் அழகு அதன் முறுக்கிய இடுப்பில் இருக்கிறது; மேலே ஏறிவிட்டால் அதை மட்டும் பார்க்க முடியாது. உச்சித் தளத்துக்கான கட்டணமும் கொஞ்சநஞ்சமல்ல. ஊரின் மேல் பனிமூட்டம் படர்ந்த நாள்களில் அந்தப் பணம் வீண். அதற்குப் பதிலாக, இருட்டிய பின் முத்து ஆற்றின் வடகரையில் உள்ள ஹுவாசெங் சதுக்கத்துக்குப் போய், சாஹா ஹடீட் வடிவமைத்த இசை நாடக அரங்கையும் மாகாண அருங்காட்சியகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதிர்க்கரையில் நிறம் மாறும் கோபுரத்தைப் பார்ப்பது செலவில்லாதது. சுற்றுலாப் படகில் ஏற விருப்பமில்லாதவர்களுக்கு, ஊர் மக்கள் ஆற்றைக் கடக்கப் பயன்படுத்தும் பயணிகள் படகு சில யுவான்களில் கிடைக்கும்.

அடுத்து உணவு. பயணக் கட்டுரைகளில் சீன உணவைப் பற்றிப் பாம்பு, பல்லி என்று எழுதிப் பயமுறுத்துவது நமக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. குவாங்சௌவின் உயிர்நாடி காலைத் தேநீர். தாவ்தாவ்ஜூ போன்ற 1880-இல் தொடங்கிய பெயர்பெற்ற தேநீர் விடுதிகளிலும், பெயரில்லாத தெருமுனை விடுதிகளிலும் ஓய்வுபெற்ற பெரியவர்கள் காலையிலேயே வந்து அமர்ந்து, பேரப் பிள்ளைகளோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அமர்ந்ததும் முதலில் எந்தத் தேநீர் என்று கேட்பார்கள். அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. பிறகு ஒரு பெரிய கிண்ணத்தை வைப்பார்கள். முதலில் ஊற்றும் சூடான தேநீரால் கோப்பை, தட்டு, குச்சிகளைக் கழுவி அந்தக் கிண்ணத்தில் கொட்டிவிட வேண்டுமே தவிர, அதைச் சூப் என்று எண்ணிவிடக் கூடாது. யாராவது நமக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுவது நன்றி சொல்லும் முறை. கூசாவில் வெந்நீர் தீர்ந்தால் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும். கூப்பிட வேண்டியதில்லை, பணிப்பெண் தாமாகவே வந்து நிரப்பிவிடுவார்.

சைவ உணவு உண்பவர்களுக்கு இந்த ஊர் கடினமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் அதில் சிப்பிச் சாறோ கோழித்தூளோ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கலாம்; முள்ளங்கிப் பணியாரம் என்று வருவதில் இறைச்சித் துண்டுகள் இருக்கும். ஆகவே, 'நான் இறைச்சி, மீன், இறால், முட்டை, பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு, கோழித்தூள் எதையும் சாப்பிடுவதில்லை' என்பதைச் சீன எழுத்தில் அச்சிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது, 'வெஜிடேரியன்' என்று பத்து முறை சொல்வதைவிடப் பயன் தரும். தேநீர் விடுதிகளில் உள்ளே எதுவும் வைக்காத வெறும் அரிசிச் சுருளைக் கேட்டு வாங்கலாம். அரிசி மாவுக் கரைசலைத் துணியிலோ தட்டிலோ மெல்லியதாக ஊற்றி ஆவியில் வேகவைத்துச் சுருட்டி, மேலே சோயாச் சாறு விட்டுத் தருவது, இலைக் கொழுக்கட்டையின் மேல்மாவைப் போல வழுவழுப்பாக இருக்கும். புத்தர் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் முழு நம்பிக்கைக்கு உரியவை. பெய்ஜிங் சாலைக்கு அருகிலுள்ள பெரிய புத்தர் கோயிலைச் சார்ந்த உணவகம் அவற்றுள் ஒன்று. இந்தியச் சாப்பாடு இல்லாமல் முடியாது என்பவர்களுக்குத் தாவ்ஜின், ஷியாவ்பெய் பகுதிகளில் இந்திய உணவகங்கள் உண்டு. ஹலால் பலகை மாட்டிய நூடுல்ஸ் கடைகளில் பன்றி இறைச்சி இராது. ஆனால் அங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறுதான் என்பதை அதைத் தவிர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். சைவரும் அசைவரும் ஒருசேரச் சுவைக்கத் தக்கது இஞ்சிப் பால். கிண்ணத்தில் பிழிந்து வைத்த இஞ்சிச் சாற்றின் மேல் சூடான பாலை ஊற்றிச் சில நிமிடம் அசைக்காமல் விட்டால், இஞ்சியிலுள்ள நொதி பாலை உறையச் செய்துவிடும். உறைந்தது சரியா என்று பார்க்க, கடைக்காரர் மேலே ஒரு கரண்டியை வைத்துக் காட்டுவார், அது மூழ்காமல் நிற்கும்.

இனி ஏற்பாடுகள். சீன நகரங்களில் காய்கறி விற்கும் மூதாட்டி முதல் டாக்ஸி ஓட்டுநர் வரை எல்லோரும் கியூஆர் குறியீட்டில்தான் பணம் வாங்குகிறார்கள். நம் யுபிஐ-யை நம்பிப் போக முடியாது. அலிபே, வீசாட் ஆகிய இரண்டு செயலிகளையும் இங்கேயே நிறுவி, பாஸ்போர்ட் விவரத்தைப் பதிவுசெய்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிட வேண்டும். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும் என்பதால், வங்கிச் செயலியில் அதை முதலில் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டை இணைந்தது போலத் தோன்றிக் கடையில் நிற்கும்போது மறுக்கும். ஓடிபி வரும் இந்திய எண்ணுக்கு ரோமிங் வசதி செய்துகொள்வதும் அவசியம். வெளிநாட்டு அட்டைகளில் 200 யுவான் வரையிலான ஒரு பரிமாற்றத்துக்கு அந்தச் செயலிகள் கட்டணம் எடுப்பதில்லை. அதற்கு மேல் போனால் 3 விழுக்காடு பிடிக்கும். அன்றாடச் செலவு பெரும்பாலும் அந்த வரம்புக்குள் அடங்கும். கைப்பேசி சார்ஜ் இறங்கிவிட்டால் கையில் காலணா இல்லாதவர் ஆகிவிடுவோம் என்பதால் சில நூறு யுவானைச் சில்லறை நோட்டுகளாகவும் வைத்திருப்பது நல்லது.

கூகுள், வாட்ஸ்அப், முகநூல், யூடியூப் எதுவும் அங்குள்ள இணைப்பில் திறக்காது. ஓட்டல் வைஃபையிலும் அதே நிலைதான். இந்திய சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டாலோ, பன்னாட்டுப் பயணத்துக்கான இ-சிம் வாங்கிக்கொண்டாலோ இணைப்பு வெளிநாட்டு வலையமைப்பு வழியாகப் போவதால் வாட்ஸ்அப் வழக்கம்போல் இயங்கும். வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பதற்றம் இராது. கூகுள் வரைபடம் திறந்தாலும் அதை நம்பி நடக்கக் கூடாது. சீனச் சட்டப்படி வரைபடங்கள் இடங்களை வேண்டுமென்றே சற்றுத் தள்ளிக் குறிக்கும் தனி முறையில் அமைகின்றன. அதனால் நாம் நிற்கும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி, சில சமயம் ஆற்றுக்குள்ளேயே காட்டப்படும். ஏமேப் செயலியின் ஆங்கிலப் பதிப்போ ஆப்பிள் வரைபடமோ சரியாக வழிகாட்டும். ஓட்டல் முகவரியைச் சீன எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று வரவேற்பறையில் கிடைக்கும். ஆயிரம் செயலி இருந்தாலும் அந்த அட்டைக்கு ஈடில்லை.

ஊருக்குள் போக்குவரத்துக்கு மெட்ரோவே போதும். அலிபேயின் போக்குவரத்துப் பக்கத்தில் குவாங்சௌவைத் தேர்ந்தெடுத்தால் நுழைவாயிலில் காட்டும் குறியீடு வந்துவிடும். குறைந்த கட்டணம் 2 யுவான். ஒவ்வொரு நிலையத்திலும் பையைச் சோதனைக் கருவியில் வைத்தே உள்ளே போக வேண்டும். விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் மூன்றாம் தடம் அலுவலக நேரத்தில் மூச்சுத் திணறும் கூட்டத்துக்குப் பெயர்போனது. பெட்டியும் படுக்கையுமாக இறங்குகிறவர்கள் அந்த நேரத்தில் விமான நிலையப் பேருந்தையோ, அலிபேக்குள்ளேயே கிடைக்கும் டிடி வாடகைக் காரையோ நாடலாம். வேறு ஊருக்கு அதிவேக ரயிலில் போகிறவர்கள் பயணச்சீட்டில் எந்த நிலையம் என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். குவாங்சௌ, குவாங்சௌ கிழக்கு, குவாங்சௌ தெற்கு, குவாங்சௌ பையுன் எனப் பல நிலையங்கள் உண்டு. தெற்கு நிலையம் ஊரின் நடுவிலிருந்து வெகுதூரம். காகிதச் சீட்டு தேவையில்லை, பாஸ்போர்ட்டே பயணச்சீட்டு. விற்பனை 15 நாள் முன்பு தொடங்கும். அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் பெய்ஜிங் போன்ற ஊர்களுக்குப் போகிறவர்கள், சீனப் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்குகளை 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை என்பதையும், நம் ஊரில் வாங்கியவற்றில் அந்த முத்திரை பெரும்பாலும் இராது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை சிறந்தது. ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் வரை சென்னையே தேவலை என்று தோன்றுமளவுக்குப் புழுக்கமும் மழையும், பிற்பாதியில் சூறாவளி அச்சமும் இருக்கும். அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையும் சீனப் புத்தாண்டும் வெளியூர்க்காரர் தவிர்க்க வேண்டியவை. கண்காட்சி நாள்களில் ஓட்டல் வாடகை தாறுமாறாக ஏறும் என்பதால், ஊர் பார்ப்பதைக் கண்காட்சிக் கட்டம் முடிந்த பின் வைத்துக்கொள்வது லாபம். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும்; சிலவற்றுக்கு வீசாட் வழியாகப் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். ஓட்டலில் தங்கினால் காவல்துறைப் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாமே காவல் நிலையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது; வெந்நீர் எங்கும் கிடைக்கும். பொதுக் கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாயும் இராது, காகிதமும் பல நேரம் இராது என்பதால் இரண்டுக்கும் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நம் மூன்று முனைப் பிளக் அங்கே பொருந்தாது. அவசரத்துக்குக் காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 120. இந்தியத் துணைத் தூதரகம் குவாங்சௌவிலேயே இருக்கிறது.

ஒரு நாள் மிச்சமிருந்தால் மெட்ரோவிலேயே ஃபோஷான் போய் அதன் பழைய மூதாதையர் கோயிலையும், சென் மண்டபத்து முகட்டுப் பொம்மைகள் பிறந்த ஷிவான் சூளைகளையும் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். ஹாங்காங் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரம்தான் என்பதால் பலருக்கும் ஆசை வரும். ஆனால் ஒற்றை நுழைவு விசாவில் வந்தவர் ஹாங்காங்குக்குள் போய்விட்டால் அந்த விசா அத்தோடு தீர்ந்துபோகும். மறுபடி குவாங்சௌவுக்கு வர வேண்டுமானால் தொடக்கத்திலேயே இரட்டை நுழைவு விசாவாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஹாங்காங்குக்கென்று இந்தியர்கள் தனியாக இணையத்தில் வருகைக்கு முந்தைய பதிவைச் செய்துகொள்வதும் கட்டாயம்.

இதை ஒட்டித் தங்களிடம் ஒரு வேண்டுகோள். சீனாவில் 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்று இணையக் காணொளிகளில் சொல்வதை நம்பி, சிங்கப்பூர் போகும் வழியிலோ வரும் வழியிலோ குவாங்சௌவில் இறங்கிப் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தச் சலுகை 55 நாடுகளின் பாஸ்போர்ட்டுக்கு மட்டுமே உரியது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற நம் உறவினர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்பதால், ஒரே குடும்பத்தில் சிலருக்கு விசா வேண்டும், சிலருக்கு வேண்டாம் என்ற நிலையும் உண்டு. தங்கள் பயண இணைப்பின் அடுத்த இதழில் இந்த வேறுபாட்டைக் கட்டம் கட்டி வெளியிடுவதோடு, தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் எந்த விசா மையத்தை நாட வேண்டும், என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதையும் தூதரகத்தில் கேட்டுறுதி செய்து சேர்த்தால், கண்காட்சிக்குப் புறப்படும் எங்கள் ஊர் வணிகர்கள் பலருக்கும் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருப்பூர்.